ஏழு வருஷம்னா எத்தனை வருஷம்? ஒலிவியா டி ஹாவிலண்டின் வழக்கு

‘கான் வித் த விண்ட்’ பார்த்தவர்களுக்கு மெலனியை ஞாபகம் இருக்கும். யாரிடமும் குரல் உயர்த்தாத, மென்மையான பெண். அந்த வேஷம் கட்டிய ஒலிவியா டி ஹாவிலண்ட்தான், நாலே வருஷத்தில் தன் முதலாளிகளான வார்னர் பிரதர்ஸை கோர்ட்டுக்கு இழுத்தார்.

1916-ல் டோக்கியோவில் பிறந்து, கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். பதின்ம வயது முடிவதற்குள் வார்னரில் ஒப்பந்தம். எரால் ஃப்ளின்னோடு எட்டுப் படங்கள். பெரும்பாலும் கதாநாயகன் வாள் வீசுவான், இவர் காத்திருப்பார். நல்ல வேஷங்கள் வந்ததெல்லாம் வேறு ஸ்டூடியோக்களுக்கு ‘கடன்’ கொடுக்கப்பட்டபோதுதான். மெலனிகூட அப்படித்தான். ஜாக் வார்னர் முதலில் மறுத்துவிட, அவருடைய மனைவியைத் தேநீருக்கு அழைத்துப் பேசிக் காரியத்தைச் சாதித்தார் ஒலிவியா.

அந்தக் கால ஒப்பந்தம் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான் வழக்கு புரியும். ஏழு வருஷம். எந்தப் படம் என்பதை ஸ்டூடியோ முடிவு செய்யும். பிடிக்கலைன்னு மறுத்தா சஸ்பென்ஷன், சம்பளம் கிடையாது. இதோட விட்டாலும் பரவாயில்லை. சும்மா இருந்த அந்த வாரங்களைக் கணக்கெடுத்து ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள்! மறுக்க மறுக்க வால் நீளும். கொத்தடிமைன்னு சொன்னா மிகைதான், கிடைத்தது நல்ல சம்பளம். ஆனா வெளியேறும் தேதி முதலாளி கையில் இருந்தது என்பது உண்மை.

1943 மே மாதம் ஒலிவியாவின் ஏழு வருஷம் முடிந்தது. இல்லை, இன்னும் 25 வாரம் பாக்கி என்றது வார்னர். தனிநபரின் உழைப்பை ஏழு வருஷத்துக்கு மேல் ஒப்பந்தத்தால் கட்டிவைக்க முடியாது என்று கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டத்தில் ஏற்கனவே ஒரு பிரிவு இருந்தது. அந்த ஏழு வருஷம் காலண்டர் கணக்கா, வேலை செய்த நாட்களின் கணக்கா? வழக்கறிஞர் மார்ட்டின் கேங் பிடித்தது இந்த நூலைத்தான்.

துணிச்சல் சாதாரணமானதில்லை. இவருக்கு முன்னால் பெட்டி டேவிஸ் 1936-ல் லண்டன் நீதிமன்றத்தில் இதே வார்னரிடம் தோற்றுத் திரும்பியிருந்தார். ஒலிவியா வழக்குப் போட்டதும், இவரை வேலைக்கு எடுக்காதீர்கள் என்று மற்ற ஸ்டூடியோக்களுக்கெல்லாம் வார்னர் எழுதியது. இருபத்தேழு வயசு, மார்க்கெட் உள்ள நேரம், நடிக்கப் படமில்லை. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்ததால் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்க் காயம்பட்ட வீரர்களைப் பார்த்து வந்தார்.

கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தார். வார்னர் மேல்முறையீடு செய்தது. 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது: ஏழு வருஷம்னா காலண்டரில் ஏழு வருஷம்தான். அதற்கு மேல் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பாராமவுண்ட்டில் நடித்த ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ (1946) முதல் ஆஸ்கரையும், ‘த ஏர்ஸ்’ (1949) இரண்டாவதையும் வாங்கித் தந்தன. நடுவில் மனநல மருத்துவமனைக் கதையான ‘த ஸ்னேக் பிட்’. இந்த மூன்றையும் வார்னரில் இருந்திருந்தால் செய்திருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை.

‘டி ஹாவிலண்ட் சட்டம்’ என்றே அந்தப் பிரிவு இன்றும் அறியப்படுகிறது. நம் காலத்தில் தர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ் என்ற ராக் இசைக்குழு தன் ரெக்கார்டு கம்பெனியோடு மோதியபோது கையில் எடுத்ததும் இதையே.

ஒலிவியா பாரிஸில் குடியேறி 104 வயசு வரை வாழ்ந்தார், 2020-ல் மறைந்தார். கோர்ட் பழக்கம் மட்டும் விடவில்லை! ஒரு தொலைக்காட்சித் தொடரில் தன்னைத் தவறாகக் காட்டினார்கள் என்று, 101-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள் வழக்குப் போட்டார். இந்த முறை மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.