1729 வந்த வழி

மலாக்காவின் மெர்லிமாவ் சாலையில் ஒரு கார் மோதிவிட்டால் கூடுகிற கூட்டத்தில் பாதி அடிபட்டவரைப் பார்க்கும்; மீதி நம்பர் தகட்டைப் பார்க்கும். சாயங்காலத்துக்குள் அந்த நாலு நம்பர் லாட்டரிக் கடையேறிவிடும். ‘உப்புச்சப்பில்லாத எண்’ என்று எதையும் நம் ஊரில் யாரும் தள்ளியதில்லை. தள்ளியவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி.

லண்டன் பட்னியில் நோயாளியாகக் கிடந்த ராமானுஜனைப் பார்க்க அவர் வந்த டாக்சியின் எண் 1729. மந்தமான எண் என்றார். கும்பகோணத்துக்காரர் மறுத்தார்: இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான். (மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் 1896இல் ரப்பர் நட்டு அப்போது இருபது வருடம் கடந்திருந்தது. அந்த டாக்சி டயரில் நம் தோட்டத்துப் பாலும் கொஞ்சம் ஓடியிருக்கலாம்.)

கரும்பலகையில் போட்டால் இவ்வளவுதான். 12 × 12 × 12 = 1728; ஒன்று கூட்டினால் 1729. 10 × 10 × 10 = 1000; அதோடு ஒன்பதின் கனம் 729 சேர்ந்தாலும் 1729.

படுக்கையில் கிடந்தபடி நொடியில் சொன்னார், தெய்வ அருள் என்றுதான் ஆறாம் ஆண்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று எனக்கு அதில் உடன்பாடில்லை. மலாக்கா டச்சுக்காரர் கையில் இருந்த 1657லேயே பிரெனிக்கிள் என்ற பிரெஞ்சுக்காரர் 1729இன் இந்தக் குணத்தைக் கண்டு எழுதிவிட்டார். ராமானுஜனின் ‘தொலைந்த குறிப்பேடு’ 1976இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடைத்தபோது, இரண்டு கனங்களின் கூட்டு இன்னொரு கனத்துக்கு ஒன்றே ஒன்று கூடியோ குறைந்தோ நிற்கும் கணக்குகள் அதில் வரிசையாக இருந்தன. 9, 10, 12 அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர் விடியுமுன் இருட்டிலும் பட்டையின் ஆழம் தவறமாட்டார். அதை யாரும் அருள் என்று சொல்வதில்லை.

1729க்கு இன்னொரு முகமும் உண்டு. 2ஐ 1729 முறை பெருக்கி, வந்ததை 1729ஆல் வகுத்தால் மீதி 2. 3ஐ எடுத்தால் மீதி 3. 1729ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இப்படியே. இது பகா எண்ணின் லட்சணம். ஆனால் 1729 பகா எண் அல்ல. 7 × 13 × 19. மூன்றிலும் ஒன்று குறைத்தால் 6, 12, 18. மூன்றுமே 1728ஐ மீதியில்லாமல் வகுக்கும். வேஷம் கலையாமல் நிற்பது அதனால்தான். அடையாளக் கார்டில் ஒற்றை ஆள், வீட்டில் மூன்று பேர்! இப்படிப்பட்டவை கார்மைக்கேல் எண்கள். 561, 1105க்கு அடுத்து மூன்றாவது இது.

இலக்கங்களைக் கூட்டினால் 19. திருப்பிப் போட்டால் 91. இரண்டையும் பெருக்கினால் மறுபடி 1729.

இரண்டு கனங்களின் கூட்டாக மூன்று விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண்ணை 1957இல் ஜான் லீச் கண்டுபிடித்தார்: 87539319.

பட்னிக்கு வந்த அன்றைக்கே ஹார்டி அடுத்த கேள்வியையும் போட்டார்: கனத்துக்குப் பதில் நான்காம் அடுக்கு என்றால்? ராமானுஜன் கொஞ்சம் யோசித்து, தெரிந்த உதாரணம் இல்லை, இருந்தால் மிகப் பெரிய எண்ணாக இருக்கும் என்றார். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆய்லர் அதைப் பிடித்திருந்தார்: 635318657. 133உம் 134உம் ஒரு ஜோடி, 59உம் 158உம் இன்னொன்று, போட்டுப் பாருங்கள். ஒன்பது இலக்கம். நம்பர் கடையில் எடுக்க மாட்டார்கள்.