வெள்ளத்தில் மக்கள் மனம்

பேரிடர்க் காலத்தில் மக்கள் என்ன நினைத்தார்கள், என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நம் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எழுதி வைப்பதில்லை. 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் காவிரியும் கொள்ளிடமும் கரை கடந்து பெருகியதை அறிவோம். பத்தாண்டுகள் கழித்து, 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததையும் அறிவோம். ஆனால், அந்த ஜூலை இரவுகளில் இரண்டு ஆறுகளுக்கும் நடுவே திருவரங்கத்தில் இருந்தவர்கள் ஒருவரோடொருவர் என்ன சொல்லிக்கொண்டார்கள்? அது ஏட்டில் ஏறவில்லை.

இன்று நிலைமை வேறு. மக்கள் தம் அச்சத்தையும் துயரத்தையும் சினத்தையும் கைபேசி வழியே சமூக ஊடகங்களில் எழுதுகிறார்கள். எழுதியது அழியாமல் நிற்கிறது. அவ்வெழுத்துகளைத் திரட்டிக் கணினியைக் கொண்டு ஆராய்வது ஒரு தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. அதனுள் புகுமுன், என் இளமைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1977 நவம்பர் 12ஆம் நாள் நாகப்பட்டினத்தருகே கடும்புயல் ஒன்று கரையைக் கடந்தது. திருச்சியிலும் பெருமழை. நான் அப்பொழுது உறையூரில் ஒன்பதாம் வகுப்பு மாணவன். இரவில், 'மேட்டூர் அணை உடைந்துவிட்டது' என்று யாரோ சொன்னார்கள். கேட்ட மாத்திரத்தில் நானும் தெருவில் ஓடி, கதவு கதவாகத் தட்டிச் சொன்னேன். காவிரி எங்களுக்கு வடக்கே. ஆகவே சிலர் மூட்டை முடிச்சுகளுடன் தெற்கே உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கத்து உறவினர் வீடுகளுக்குப் புறப்பட்டார்கள். மேட்டூர் அணைக்கோ ஒன்றும் நேரவில்லை. நகரைச் சூழ்ந்த வெள்ளம் பெரிதும் தென்மேற்கிலிருந்து, கோரையாறு முதலிய காட்டாறுகளின் வழியே வந்தது. எங்கள் எதிர்வீட்டு அம்மாள் தம் இரு குழந்தைகளுடன் நீர் வரும் திசையை நோக்கியே நடந்திருக்கிறார்! இரவு முழுவதும் ஒரு வீட்டு மொட்டைமாடியில் நனைந்தபடி இருந்து உயிர் தப்பினார்கள். அவர் என்னைக் கடிந்துகொண்டதே இல்லை. "நீ கேட்டதைத்தானே தம்பி சொன்னாய்" என்றார். திருச்சி வானொலி நிலையம் 1939 முதல் நடந்து வருகிறது. எங்கள் தெருவில் இரண்டு டிரான்சிஸ்டர் பெட்டிகளும் இருந்தன. அன்றிரவு அவற்றைத் திருப்பிக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை? இதற்கு விடை தேடியவர் ஓர் இந்தியரே. 1934 ஜனவரி 15இல் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் குலுக்கியது. அதன்பின் பரவிய வதந்திகளைப் பாட்னாவைச் சேர்ந்த உளநூலார் ஜமுனா பிரசாத் அரிதின் முயன்று தொகுத்து, மறு ஆண்டே ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். கங்கையின் நீர் ஒரு நொடியில் மறைந்துவிட்டது என்றார்களாம். சந்திர கிரகணத்தன்று இன்னும் கொடிய நடுக்கம் வரும் என்றார்களாம். வியப்பு யாதெனில், இப்பேச்சுகள் நடுக்கத்தை உணர்ந்தும் பெருஞ்சேதம் காணாத மக்களிடையே வழங்கியவை. 1950இல் டார்ஜிலிங்கில் மலைச்சரிவு நேர்ந்தபோது துர்கானந்த சின்ஹா என்னும் மற்றோர் அறிஞர் ஆராய்ந்தார். அழிவைக் கண்ணெதிரே கண்ட அம்மக்களிடம் இத்தகைய மிகைவதந்திகள் அவ்வளவாக இல்லை. இவ்விரு ஆய்வுகளையும் ஒப்புநோக்கிய அமெரிக்க அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர், 1957இல் வெளியான தம் நூலில் ஒரு விளக்கம் தந்தார்: அச்சம் வந்துவிட்டது, அதற்கேற்ற காரணம் கண்ணில் படவில்லை, ஆகவே மனம் ஒரு காரணத்தைப் படைத்துக்கொள்கிறது. உறையூரில் எங்களுக்கு மேட்டூர் அணை அவ்வாறு கிடைத்த காரணமே.

2015 டிசம்பரில் சென்னை நீரில் மூழ்கியபோது கருவி புதிது, மனம் பழையது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், இன்னும் பெருமழை வருமென அமெரிக்க விண்வெளி நிறுவனம் கூறிற்றென்றும் பொய்ச்செய்திகள் பறந்தன, மறுப்புகளும் வந்தன. அதே கைபேசிகளில்தான் 'என் வீட்டில் நால்வர் தங்கலாம்', 'படகு தேவை' என்னும் செய்திகளும் ஓடின. இவற்றை எவ்வாறு பிரிப்பது? முதலில் மனிதர் சில ஆயிரம் செய்திகளைப் படித்து, இது அச்சம், இது சினம், இது உதவி என்று குறியிடுவர். அக்குறிகளைக் கண்டு பழகிய கணினி, பின்னர் இலட்சக்கணக்கானவற்றைத் தானே வகுக்கும். ஆசிரியர் திருத்திய விடைத்தாளைப் பார்த்துச் சட்டாம்பிள்ளை திருத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இம்முறையில் எனக்குப் பெரிய ஐயம் ஒன்றுண்டு. மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் செயலற்ற பகுதியிலிருந்து செய்தியே வராது. மிகுந்த துன்பமுள்ள இடம் கணினிக்கு அமைதியான இடமாகத் தோன்றக்கூடும்.

சொற்பொருளும் எளிதன்று. 2018 ஆகஸ்டில் காவிரியில் வெள்ளம் வந்தது. கொள்ளிடத்தின் மேல் 1928இல் கட்டப்பட்ட பழைய பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. 22ஆம் நாள் இரவு, ஆர்தர் காட்டன் 1836இல் அமைத்த முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கரையோரத்தார்க்கு அச்சம், நீர் வீணே கடலுக்குப் போகிறதே என்று உழவர்க்குச் சினம், சாய்ந்த பாலத்தின் முன் நின்று படமெடுத்தவர்க்கோ, சொல்ல வெட்கமாயிருக்கிறது, வேடிக்கை. ஒரே நீர்தான்.

அப்பொழுது நான் தலைமையாசிரியன். மாணவர்களிடம் தத்தம் வீட்டுக் கைபேசிகளுக்கு வந்த செய்திகளை எழுதிவரச் சொல்லி, வகுப்பில் இனம் பிரித்தோம். திருவரங்கத்துப் பையன் ஒருவன் எழுதிவந்தது, 'தண்ணீர் வந்துவிட்டது' என்னும் இரண்டே சொற்கள். வகுப்பு முழுவதும் அதனை 'அச்சம்' என்னும் பிரிவில் சேர்த்தது. அவன் எழுந்து, "ஐயா, அது மேட்டூரில் திறந்த தண்ணீர் ஜூலையில் அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்த அன்று என் பாட்டி அனுப்பியது. ஆடிப்பெருக்குக்கு எல்லாரையும் வரச்சொல்லித்தான் அனுப்பினார்" என்றான்.