ஆழ்சுரங்கமும் உயிரணுக் குடுவையும்

ஆய்வுக்கூடங்களில் இன்று உயிரணுக்களைச் சிறு குடுவைகளில் வளர்க்கின்றனர். வெப்பம், பிராணவாயு, அமிலத்தன்மை மூன்றையும் நுண்கருவிகள் ஓயாது அளக்கின்றன. எல்லை மீறினால் உடனே திருத்துகின்றன. மூடிய இடத்தில் உயிரைக் காக்கும் இக்கவலையைக் கோலார் தங்க வயல் முன்பே அறிந்திருந்தது.

2001இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களுள் சாம்பியன் ரீப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அடியிலே பாறையின் வெப்பம் 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியது. அங்கு இறங்கியோருள் வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற நம்மவர் பலர். குளிரூட்டிய காற்றை அவர்களுக்காக உள்ளே செலுத்தினர். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியால் புழுக்கத்தை அளந்தனர். புழுக்கம் ஏற ஏற உழைப்புத் திறன் எவ்வாறு குறைகிறது என்பதைக் காப்லன், லிண்ட்சே இருவரும் ஆராய்ந்து 1946இல் வெளியிட்டனர். அளந்தது உழைப்பாளியின் நலத்தையா, பொன்னின் விளைச்சலையா? இரண்டையும்தான் என்று கருதுகிறோம்.

ஆயினும் வெப்பமானி தூசியை அறியாது. அதே காப்லனும் பர்டனும் 1940களில் 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு 40 பேருக்கு மேல் பாறைத்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நுரையீரலில் குடியிருந்தது.