அய்யப்பன்கோவில்: நீர் வருமுன் காலியான ஊர்

இடுக்கி அணையைக் காணச் செல்வோருக்கு, குறவன், குறத்தி என்னும் இரு பாறை மலைகளையும், அவற்றினிடையே 168.91 மீட்டர் உயரத்துக்கு வளைந்தெழுந்து நிற்கும் கான்கிரீட் சுவரையும், 1932ஆம் ஆண்டில் ஜான் என்ற தோட்ட அதிகாரிக்கு அந்த மலையிடுக்கைக் காட்டிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பழங்குடி மூப்பர் கொலும்பனின் சிலையையும் தவறாமல் காட்டுவார்கள். அந்தச் சுவர் தேக்கிய நீரின் மறுகோடியில், கட்டப்பனைக்குத் தென்மேற்கே, பெரியாற்றங்கரையில் ஜனநடமாட்டத்தோடு விளங்கிய அய்யப்பன்கோவில் என்ற ஊரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

ஊருக்குப் பெயர் தந்தது ஆற்றோரத்துச் சாஸ்தா ஆலயம். அதற்கு அருகிலுள்ள கோழிமலை, மன்னான் பழங்குடியினரின் அரசர் வாழும் ஸ்தலம். மதுரைப் பக்கத்திலிருந்து யுத்தகாலமொன்றில் மலையேறியவர்கள் தாங்கள் என்பது அந்த ஜனங்களின் ஐதீகம். இன்றும் அவர்களுடைய கூத்து கோவலன் கண்ணகி கதையைத்தான் ஆடுகிறது என்பதைக் கேட்கும் தமிழருக்கு, கம்பம் பள்ளத்தாக்குக்கும் இம்மலைகளுக்கும் இடையே அரசியல் எல்லையைவிடப் பழமையான ஒரு போக்குவரத்து இருந்ததென்று வேறு சாட்சியம் தேவைப்படாது.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அரிசிப் பஞ்சம் வந்து, திருவிதாங்கூர் சமஸ்தானம் உணவு விளைவிப்பதற்காகக் காட்டைத் திறந்து விட்டபோது, மீனச்சில் முதலிய கீழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து ஏழை விவசாயிகள் குடும்பம் குடும்பமாக மலையேறினார்கள். யானைக்குப் பயந்து மரத்தின்மேல் பரண் கட்டி இரவைக் கழித்து, பகலில் சதுப்பில் நெல்லும் சரிவில் மரவள்ளியும் நட்டு, மலேரியாவுக்கு உயிர்களைக் கொடுத்தும் அவர்கள் இறங்கிப் போகவில்லை. 1954இல் தேவிகுளம், பீருமேடு தாலுக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டுமென்ற கிளர்ச்சி மூண்டபோது முதன்மந்திரியாக இருந்த பட்டம் தாணுப்பிள்ளையின் சர்க்கார், உயர்மலைக் குடியேற்றத்தைத் திட்டம் போட்டே நடத்தியது. அதில் உணவுக் கவலையைவிட எல்லைக் கவலையே மிகுதி என்று அக்காலத்துத் தமிழர் சொன்னதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் வனத்தைத் திருத்தியவர்களில் பெரும்பாலோரின் கையில் பட்டா என்ற காகிதம் மட்டும் கடைசிவரை வந்து சேரவில்லை.

அதே தாணுப்பிள்ளை, 1960இல், இம்முறை கேரளத்தின் முதன்மந்திரியாக, மீண்டும் பதவிக்கு வந்தார். மறு ஆண்டு, தென்மேற்குப் பருவமழை தொடங்கவிருந்த தறுவாயில், வரப்போகும் நீர்த்தேக்கத்தின் பெயரால் அய்யப்பன்கோவிலிலிருந்து சுமார் 1,700 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டுக் குமுளிக்கு அருகேயுள்ள அமராவதியில் கொண்டுபோய் விடப்பட்டன. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்பது வாக்குறுதி. கண்டதோ காடும் சேறும் அட்டையும், ஒழுகும் ஓலைக் குடிசைக்குள் காய்ச்சலில் கிடந்த குழந்தைகளும்தான். 1961 ஜூன் 6ஆம் தேதி அங்கேயே ஏ. கே. கோபாலன் உண்ணாவிரதம் தொடங்கினார். இரண்டாண்டுகளுக்கு முன் கம்யூனிஸ்டு மந்திரிசபைக்கு எதிராகப் போராடியவரான பாதிரியார் ஜோசப் வடக்கன், அந்தக் கம்யூனிஸ்டுத் தலைவரின் பக்கத்தில் வந்து நின்றது கேரள அரசியலில் யாரும் எதிர்பாராத காட்சி. பத்து நாட்களுக்கு மேல் நீண்ட அந்த உபவாசம், சர்க்கார் இறங்கிவந்த பின்பே முடிந்தது.

இத்தனை அவசரம் எதற்கு? இடுக்கித் திட்டத்துக்குத் திட்டக் கமிஷனின் அங்கீகாரமே 1963இல்தான் கிடைத்தது. கனடாவின் உதவிக்கான ஒப்பந்தம் 1967இல். அணையின் கட்டுமானம் தொடங்கியது 1969இல். நீர் தேக்க ஆரம்பித்தது 1973இல். இந்திரா காந்தி மின் நிலையத்தைத் தொடங்கி வைத்தது 1976 பிப்ரவரி 12இல். நீர்ப்பிடிப்புப் பிரதேசத்தில் மரம் வெட்டுவது நின்றால் அணையில் மண் சேராது, குடியேற்றம் பெருகாவிட்டால் நஷ்டஈடும் பெருகாது என்ற சர்க்காரின் வாதம் முற்றிலும் பொருளற்றதல்ல. ஆயினும் நீர் வந்து சேர்வதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஊரைக் கலைத்ததற்கு அது சமாதானமாகாது. அய்யப்பன்கோவிலை அழித்தது வெள்ளமன்று, உத்தரவு. குளமாவுக்கும் கட்டப்பனைக்கும் இடையே இருந்த வைரமணியோ மெய்யாகவே நீருக்கு இரையான ஊர். நீர்மட்டம் மிகவும் தாழ்கிற ஆண்டுகளில் அதன் மாதாகோவில் சுவர்கள் வெளியே தெரிகின்றன. அய்யப்பன்கோவிலின் பழைய ஆலயத்துக்குப் போகும் வழியும் நீர்மட்டத்தைப் பொறுத்ததே. தேக்கம் நிறைந்தால் தோணியேறிச் சென்று தரிசிக்க வேண்டும், வற்றினால் வண்டல் படிந்த தரையில் நடந்தே போகலாம்.

அமராவதி சர்க்காருக்குப் பாடமாகவில்லை. 1964இல் சுருளி, கீரித்தோடு பகுதிகளில் மறுபடியும் குடிகள் வெளியேற்றப்பட்டனர். கோபாலனும் வடக்கனும் மறுபடியும் போராட வேண்டியிருந்தது. பிற்காலத்தில், 1977 ஜனவரி முதல் தேதிக்கு முன் வனநிலத்தில் குடியேறியவர்களுக்குப் பட்டா வழங்கலாம் என்று கேரளம் தீர்மானித்தது. அந்தத் தேதியை அளவுகோலாகக் கொண்டால், 1961இல் மழையில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்கள் யாவும் உரிமைக்காரர்களே; நிலம் நீருக்குப் போயிருந்தாலும், அதன் விலையையாவது உடையவர்களாக நின்று கேட்டிருக்கலாம்.