ஏழாவது தசை

நம் ஒவ்வொரு கண்குழியிலும் ஒரு கிணற்றுக் கப்பி இருக்கிறது. விழியை அசைக்கும் தசைகள் ஆறு: நேர்த்தசைகள் நான்கு, சாய்தசைகள் இரண்டு. இவற்றில் மேல் சாய்தசையின் நாண், மூக்கை ஒட்டிய மேல்மூலையில் உள்ள சிறு குருத்தெலும்புக் கப்பி வழியாகத் திரும்பி வந்து விழியைப் பற்றுகிறது. இது செயலிழந்தால் படி இறங்கும்போது ஒரு படி இரண்டாகத் தெரியும்.

இந்த ஆறும் நெடுங்காலம் ஏழாக எண்ணப்பட்டன. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் கேலன் அறுத்துப் பார்த்தது குரங்கு, பன்றி, மாடு போன்ற விலங்குகளை. பல விலங்குகளுக்கு விழியை உள்ளிழுக்கும் ஒரு தசை கூடுதலாக உண்டு. அவர் அதை மனிதனுக்கும் சேர்த்து எழுதினார்.

கேலனின் இத்தகைய பிழைகளைக் கடுமையாகச் சாடியவர் பதுவா பல்கலைக்கழகத்தின் வெசாலியஸ். ஆனால் 1543இல் வந்த அவரது பெருநூலிலும் மனிதக் கண்ணுக்கு ஏழு தசைகளே. மென்பொருள் துறையில் இருக்கும் எனக்கு இது பழகிய காட்சி. பழைய நிரலைத் திருத்த வருபவர் அதிலேயே ஒரு வரியை அப்படியே நகலெடுத்துக்கொள்வார். பின்னாளில் அதே பதுவாவில் கற்பித்த ஃபலோப்பியோ, 1561இல் ஏழாவது தசையை நீக்கினார், கப்பியையும் விளக்கினார்.

இந்த எண்ணிக்கையால் யாருக்கு என்ன பயன்? 1839இல் பெர்லினில் டீஃபன்பாக், ஏழு வயதுச் சிறுவனின் உட்புற நேர்த்தசையை வெட்டி மாறுகண்ணை நேராக்கினார். மயக்க மருந்து வராத காலம் அது. முழுவதும் வெட்டப்பட்ட தசையால் பின்னர் பலருக்கு விழி எதிர்ப்பக்கம் திரும்பியது. அதன் பிறகே தசையை வெட்டி விட்டுவிடாமல், இடம் மாற்றித் தைக்கும் முறைகள் வளர்ந்தன.

எனக்கும் மாறுகண்தான். ‘அதிர்ஷ்டக் கண்’ என்று ஊரில் கொஞ்சினார்கள். யாரும் மருத்துவரிடம் காட்டவில்லை. மேற்படிப்புக்கு வெளிநாடு வந்த பிறகுதான் பரிசோதனை நடந்தது. தசையை இப்போதும் சரிசெய்யலாம், ஆனால் அந்தக் கண்ணிலிருந்து வரும் பார்வையை மூளை சிறுவயதிலேயே ஒதுக்கிவிட்டது என்றார் மருத்துவர். கண்ணாடியும், நல்ல கண்ணை மறைக்கும் ஒட்டுத்துணியும் நன்றாகப் பலன் தருவது குழந்தைப் பருவத்தில்தான்.

ஏழாவது தசையை நூல்களிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதிர்ஷ்டக் கண் என்னும் பேச்சு மட்டும் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிறந்து நான்கு மாதங்கள் கடந்தும் குழந்தையின் விழி விலகி நின்றால், தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.