தோட்டக் கணக்கு வேறு, ஏரிக் கணக்கு வேறு

பெரிய காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே உலகளந்த பெருமாள் கோயில் இருக்கிறது. ஊரகம் என்பது அதன் பழைய பெயர். இந்தக் கோயிலின் வரவு செலவு பற்றி உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று உண்டு. அவனுடைய 16-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏறக்குறைய கி.பி. 985-ஐ ஒட்டிய காலம். இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பாடம் முழுக்க அச்சாகியிருக்கிறது.

பிழைப்புக்கு நான் பார்க்கிற வேலை சர்வர் லாக்குகளோடு. யார் எப்போது உள்ளே வந்தார், எதைத் தொட்டார், எந்தக் கதவு திறக்காமல் திரும்பினார் என்று ஒவ்வொரு இயந்திரமும் விடாமல் எழுதிக்கொண்டே இருக்கும். வலை, மின்னஞ்சல், டேட்டாபேஸ், ஊழியர் கணக்கு என்று பல டொமைன்களிலிருந்து வரும் இந்தப் பதிவுகள் கடைசியில் ஒரு கண்காணிப்பு அமைப்பில் வந்து விழும். எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டால் தேடச் சுலபம், பார்க்கக் கூடாதவர்களும் பார்ப்பார்கள். தனித்தனியாகப் பிரித்தால் பத்திரம், ஆனால் ஒரு திருடன் நாலு வீட்டில் நுழைந்ததை யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். இந்த இழுபறி தினமும் உண்டு. அதனால்தான் ஊரகம் செப்பேட்டைப் படிக்கும்போது கண் வேறு இடத்தில் நின்றது.

காஞ்சியின் சேரிகள் சிலவற்றில் (அப்போது சேரி என்றால் நகரத்தின் ஒரு பகுதி, அவ்வளவுதான், இன்றைய பொருளை ஏற்றிப் படிக்க வேண்டாம்) பட்டசாலிகள், அதாவது அரசர்களால் குடியமர்த்தப்பட்ட நெசவாளர்கள் இருந்தார்கள். கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, எறுவாள்சேரி என்று நான்கு பெயர்கள் வருகின்றன. கோயில் காரியத்தை மேற்பார்க்கும் பொறுப்பு இவர்களிடம் தரப்படுகிறது. கோயில் பொன்னை வட்டிக்கு வாங்கியிருந்தவர்களும் இதே சேரிக்காரர்கள்தான். கடன் வாங்கியவனே கோயிலைப் பார்த்துக்கொள்கிறான்! இன்றைய ஆடிட்டர் யாராவது பார்த்தால் தலையில் கை வைப்பார். அதற்கும் செப்பேட்டில் ஏற்பாடு இருக்கிறது. திருவிழா முடிந்தவுடன் கணக்கைச் சரிபார்க்கும்போது நெசவாளர்களோடு நகரத்தாரும் ஆண்டு வாரியத்தாரும் உட்கார வேண்டும். காரியம் செய்பவன் ஒரு பக்கம், கணக்கு கேட்பவன் இன்னொரு பக்கம்.

இதே யோசனை இன்னும் விரிவாக, இன்னும் கறாராக இருப்பது காஞ்சியிலிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி, உத்திரமேரூரில். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், அதாவது 919, 921. குடவோலை என்றதும் எல்லோரும் தேர்தலைத்தான் பேசுவார்கள். 30 குடும்பு, குடத்தில் ஓலை, ஒன்றும் அறியாத பாலன் கையை விட்டு எடுப்பது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. நான் சொல்ல வருவது தேர்தல் முடிந்த பிறகு என்ன நடந்தது என்பதை.

வேலை துறை துறையாகப் பிரிந்திருக்கிறது. ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. இவை போகப் பஞ்சவார வாரியம், பொன் வாரியம். தவணை 360 நாள். வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி குடத்துக்குள் பெயர் போட முடியாது. அவன் மட்டுமா? அப்பன், பிள்ளை, சகோதரன், மாமனார், மைத்துனன் என்று உறவுக்காரர்களின் நீண்ட பட்டியலே கல்லில் இருக்கிறது. ஒருவன் லாக் ஒப்படைக்காவிட்டால் அவன் மச்சானுக்கும் லாகின் கிடையாது! கொடுமைதான். ஆனால் கணக்கு மறைப்பதை வீட்டுக்குள்ளேயே யாரும் ஆதரிக்க மாட்டார்கள் என்பதும் நிஜம்.

கணக்கு எழுதுபவனுக்கும் தனி விதி. தான் எழுதிய கணக்கைத் தானே பெருமக்கள் முன் காட்டி, சுத்தம் என்று பெயர் வாங்கிய பிறகுதான் மறுபடி கணக்கு எழுதலாம். ஒருவன் எழுதியதை இன்னொருவன் புகுந்து முடித்து வைக்கக் கூடாது. எந்த வரியை எந்தக் கை எழுதியது என்பதில் குழப்பமே வரக் கூடாது என்பதுதான் நோக்கம். இன்றைக்கு நாலு அட்மின்கள் ஒரே ‘ரூட்’ பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்ளும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே லாக் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எனக்கு மிகவும் பிடித்தது அதே ஊரின் இன்னொரு கல்வெட்டு. பொன்னின் மாற்றுப் பார்ப்பவர்கள் பற்றியது. உரைகல்லில் பொன்னை உரசினால் கொஞ்சம் துகள் ஒட்டும். அதை மெழுகால் ஒற்றி எடுப்பார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் பொன்னை உரசினால் மெழுகுக்குள்ளே நல்ல காசு சேரும். அந்த மெழுகை மாற்றுப் பார்ப்பவர் வைத்துக்கொள்ளக் கூடாது, ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. ஏரிக்கும் பொன்னுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அதனால்தான் அவர்களிடம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். தடயம் உண்டாகிற இடத்திலேயே தடயம் தங்கக் கூடாது.

இதே பாடத்தைக் கணினிக்காரர்கள் மெல்ல மெல்லத்தான் கற்றார்கள். 1980-களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் தன்னுடைய ‘சென்ட்மெயில்’ மென்பொருளுக்காக ‘சிஸ்லாக்’ எழுதினார். அதில் ஒவ்வொரு செய்திக்கும் அது எந்தத் துறையிலிருந்து வருகிறது என்று ஒரு எண் உண்டு. கெர்னல் 0, மின்னஞ்சல் 2, உள்நுழைவு 4 என்று போகும். அவசரத்துக்கு 0 முதல் 7 வரை இன்னொரு எண். துறையை எட்டால் பெருக்கி அவசரத்தைக் கூட்டினால் ஒரே எண். உள்நுழைவில் கடுமையான பிரச்சினை என்றால் 4 x 8 + 2, அதாவது 34. வாரியத்தின் பெயரை ஓலைத் தலைப்பிலேயே எழுதுகிற மாதிரி.

பிறகு உள்நுழைவுச் செய்திகளுக்கே அந்தரங்கமான இரண்டாவது துறை ஒன்று வந்தது, எண் 10. காரணம் சின்னது. அவசரத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பாஸ்வேர்டைத் தட்டிவிடுவார்கள், அது அப்படியே லாக்கில் ஏறிவிடும். எல்லோரும் படிக்கிற கோப்பில் அது இருக்கலாமா?

1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளருக்குக் கணினிக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அங்கே யூனிக்ஸ் தானே எழுதும் கணக்கு ஒன்று, ஆய்வகத்தார் தனியாக எழுதிய கணக்கு ஒன்று என்று இரண்டு இருந்தன. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒரே கணக்கு இருந்திருந்தால் அந்த 75 சென்ட் வெளியே தெரிந்தே இருக்காது. அடுத்து அவர் செய்தது இன்னும் அழகு. உள்ளே வரும் தொலைபேசி இணைப்புகளில் பிரிண்டர்களை மாட்டினார். நுழைந்தவன் கணினியில் இருக்கிற பதிவை அழிக்கலாம், பக்கத்தில் காகிதத்தில் அடித்துக்கொண்டிருக்கும் பிரிண்டரை என்ன செய்வான்? கடைசியில் ஆள் மேற்கு ஜெர்மனியின் ஹானோவரில் பிடிபட்டான். மெழுகு ஏரி வாரியத்திடம் போனதும் இதுவும் ஒன்றுதான்.

நம் ஊருக்கு வருவோம். 2019 செப்டம்பர் 4 அன்று கூடங்குளம் அணுமின் நிலையம் சம்பந்தப்பட்ட ஒரு கணினியில் தீநிரல் இருப்பதாக, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், இந்திய அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. விஷயம் வெளியே கசிந்ததும், அக்டோபர் 29 அன்று நிலையத்தின் அறிக்கை கட்டுப்பாட்டு அமைப்பின் மீது தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. மறுநாளே கழகம் ஒப்புக்கொண்டது: பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினி, முக்கியமான உள்வலை அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு அறிக்கையும் பிரிவினையைத்தான் சாட்சிக்கு அழைக்கின்றன. அந்தப் பிரிவினை அங்கே காப்பாற்றியிருக்கலாம். ஆனால் “எங்கள் பக்கம் ஒன்றுமில்லை” என்று ஒரு துறையே தன்னைப் பற்றிச் சொல்லும்போது அதை வேறொரு கையில் இருக்கிற பதிவோடு ஒத்துப் பார்க்காமல் நம்ப முடியாது. தகவலே வெளியில் இருக்கிற ஒரு அமைப்பிடமிருந்துதான் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

பிரிப்பதோடு வேலை முடியாது என்பதும் உத்திரமேரூர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆண்டு வாரியத்துக்கு யாரைப் போட்டார்கள்? முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களை, வயதிலும் படிப்பிலும் மூத்தவர்களை. தோட்டத்தையும் ஏரியையும் உள்ளிருந்து பார்த்தவன்தான் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடியும். இன்றைய கண்காணிப்பு அறைகளில் இது தலைகீழ். நேற்று சேர்ந்த பையன் எல்லா டொமைன் எச்சரிக்கைகளையும் ராத்திரி ஷிஃப்டில் பார்க்கிறான், அனுபவசாலி ஒரே ஒரு டொமைனோடு பகலில் உட்கார்ந்திருக்கிறார்.

ரொம்பப் புகழவும் வேண்டாம். அந்தக் குடத்துக்குள் பெயர் போக வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிரம்மதேய ஊர், பிராமண சபை. ஏரித் தண்ணீரில் உழுதவன் அந்தக் கணக்கைக் கேட்க முடியாது. அந்த வகையில் நெசவாளர்களையும் நகரத்தாரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்த ஊரகம் செப்பேடு எனக்கு ஒரு படி மேலாகத் தெரிகிறது.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், அசம்பாவிதம் என்றால் 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். பல இடங்களில் 180 என்பதை உச்சவரம்பாக வைத்து, 181-ஆம் நாள் தானாக அழிகிற மாதிரி அமைத்துவிடுகிறார்கள். 360 நாள் கழித்துக் கணக்குக் கேட்க வருகிற ஆண்டு வாரியத்துக்கு அங்கே பாதி ஓலைதான் மிஞ்சும்.