மஞ்சள் வாயன் வீட்டுக்கு வந்த கதை



பள்ளி விடுமுறையில் ஜெஞ்சாரோமில் உள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்த என் தம்பி மகன், தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். "பெரியப்பா, இது ரொம்பப் பழைய கேம். உங்களுக்குத் தெரியுமா?" திரையில் ஒரு மஞ்சள் வட்டம் வாயைத் திறந்து திறந்து புள்ளிகளை விழுங்கிக் கொண்டிருந்தது. பின்னால் நான்கு பேய்கள் துரத்தின.

தெரியுமாவா? அதன் பொருட்டு நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்! அந்த நினைவுகளையும், அந்த விளையாட்டின் வரலாற்றையும் இன்று உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

'பேக்மேன்' பிறந்தது ஜப்பானில். நாம்கோ நிறுவனத்தில் பணியாற்றிய தோரு இவாத்தானி என்ற இளைஞர் அதனை வடிவமைத்தார். 1980ஆம் ஆண்டு மே மாதம் தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் அது சோதனைக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே மிட்வே நிறுவனத்தின் வழியாக அமெரிக்காவையும் அடைந்தது. 1978இல் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' முதலாக, அன்றைய விளையாட்டுப் பெட்டிகளில் சுடுவதும் அழிப்பதுமே மிகுதி. பெண்களும் விரும்பி வந்து ஆடும் விளையாட்டு ஒன்று வேண்டும் என்று எண்ணிய இவாத்தானி, உண்ணுதலைக் கருப்பொருளாக்கினார். வாயை அசைத்து உண்பதைக் குறிக்கும் 'பக்கு பக்கு' என்ற ஜப்பானிய ஒலிக்குறிப்பே பெயருக்கு மூலம். நம் இரட்டைக்கிளவியின் உறவுக்காரச் சொல் என்று தமிழாசிரியனாகிய நான் மகிழ்வதுண்டு. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கோ அது 'மஞ்சள் வாயன்'.

1984ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. என் தந்தையார் ஜெஞ்சாரோமை அடுத்த தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. பயிற்சி நூல் வாங்க அவர் கொடுத்த 2 வெள்ளியோடு கிள்ளான் நகருக்குச் சென்ற நான், ஒரு கடையின் உட்புறத்தில் வரிசையாக நின்ற விளையாட்டுப் பெட்டிகளைக் கண்டேன். ஓர் ஆட்டத்திற்கு 20 காசு. பத்து ஆட்டங்களில் பயிற்சி நூல் தீர்ந்தது. என்னைத் தேடி வந்த தந்தையார், காசில்லாமல் பெட்டியின் முன் நின்று கொண்டிருந்தவனைத்தான் கண்டார்.

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. ஆள் இல்லாமலே தானாக ஓடிக் கொண்டிருந்த அந்தத் திரையைச் சற்று நேரம் அவரும் பார்த்தார். பேருந்தில் திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தப் பேய்க்கு நீ எங்க இருக்கேன்னு எப்படிடா தெரியுது?"

என்னிடம் விடை இல்லை. அந்த 2 வெள்ளிக்கு அவர் எத்தனை குலை வெட்டியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கவும் அன்று தெரியவில்லை.

மறு ஆண்டு ஒரு வியப்பு நிகழ்ந்தது. அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களுள் ஜெஞ்சாரோமும் ஒன்று என்பதை அறிவீர்கள். அங்கு எங்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்து வந்த சீன மளிகைக்கடைக்காரரின் மூத்த மகன், ஆப்பிள் 2 வகையைப் பார்த்துச் செய்த நகல் கணினி ஒன்றை வாங்கி வந்தான். அதன் தட்டு ஒன்றில் மஞ்சள் வாயன் இருந்தான்! காசு போட வேண்டியதில்லை. ஆனால் அவன் உருவம் மாறியிருந்தது. வழிகள் நசுங்கியிருந்தன. இசைக்குப் பதிலாகக் கீச்சொலி. ஏன் இந்த வேறுபாடு என்று பல ஆண்டுகள் கழித்தே விளங்கிக் கொண்டேன்.

கடையில் நின்ற பெட்டியின் திரை நெடுக்கு வாக்கில் அமைந்தது. அகலம் 224 புள்ளி, உயரம் 288 புள்ளி. ஆப்பிள் 2 கணினியின் திரையோ படுக்கை வாக்கில் 280க்கு 192. நின்றவனைப் படுக்க வைத்தால் கட்டில் போதுமா? வழிகளை நசுக்கித்தான் ஆக வேண்டும். பெட்டியில் இசட் 80 என்னும் செயலி, கணினியில் 6502. ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்குப் புரியாது. ஆகவே வரிக்கு வரி எடுத்து வைக்க இயலாது. பேய்களைத் திரையில் நகர்த்தப் பெட்டியில் தனி மின்சுற்று இருந்தது. கணினியில் செயலியே ஒவ்வோர் உருவையும் வரைந்து, அழித்து, மீண்டும் வரைய வேண்டும். ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டி ஓசை எழுப்புவதும் அதே செயலியின் வேலைதான்.

இந்தத் தட்டுக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. 1981இல் 'டாக்ஸ்மேன்' என்ற பெயரில் ஒருவர் ஆப்பிள் 2 கணினிக்கு இதை அப்படியே ஒற்றி எழுதினார். வீட்டுக் கணினிகளுக்குரிய உரிமையை வைத்திருந்த அட்டாரி நிறுவனம் அதனை எதிர்த்தது. முடிவில் அந்த நகலையே சிறு மாற்றங்களோடு தன் பெயரில் 'பேக்மேன்' என்று வெளியிட்டது. எதிராளி வீட்டுப் பிள்ளையே தத்துப்பிள்ளை ஆயிற்று! நாங்கள் ஆடியதோ படியெடுத்த தட்டு. கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்துக் காக்கும் பதிப்புரிமைச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது 1987இல்தான்.

எல்லா மாற்றமும் இப்படி நன்றாக அமையவில்லை. அட்டாரியின் சொந்த 2600 கருவிக்கு டாட் ஃபிரை என்பவர் எழுதிய பதிப்பு 1982இல் வெளிவந்தது. அவருக்குக் கிடைத்த நினைவகம் 128 பைட். நிரலுக்கு இடம் 4 கிலோபைட். பேய்களை ஒரே நேரத்தில் காட்ட இயலாமல் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக் காட்டினார், அவை மினுங்கின. பல இலட்சம் விற்றும், வாங்கியவர்களில் பலர் ஏமாற்றம் அடைந்தனர்.

அன்பர்களே, இதைத் தமிழர்களாகிய நாம் எள்ளி நகையாட முடியாது. ஒரு பைட்டில் அடங்குபவை 256 மதிப்புகளே. தமிழ் எழுத்துகள் 247. இடம் போதும் போலத் தோன்றும். ஆனால் பாதி இடத்தில் ஏற்கெனவே ஆங்கிலம் அமர்ந்திருந்தது. ஆகவே டிஸ்கி போன்ற 8 பிட் குறியீடுகளில் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் பிரித்து வைத்தே தமிழை நுழைத்தார்கள். நசுங்கினாலும் தமிழ் கணினிக்குள் வந்தது. அதே 256 மஞ்சள் வாயனையும் வீழ்த்தியது. பெட்டியில் கட்ட எண் ஒரு பைட்டில் இருந்ததால், 256ஆம் கட்டத்தில் கணக்கு நிரம்பி வழிந்து, திரையின் வலப்பாதி சிதைந்து, ஆட்டத்தை முடிக்கவே இயலாமல் போகும்.

பெட்டியின் நிரலை ஆர்வலர்கள் பிரித்துப் படித்தபோது, என் தந்தையாரின் கேள்விக்கும் விடை கிடைத்தது. பேய்கள் நம்மைப் 'பார்ப்பதில்லை'. திரை முழுவதும் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டங்கள். சிவப்புப் பேய் நாம் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்பு, நாம் நோக்கும் திசையில் நான்கு கட்டம் முன்னே குறிவைத்து மறிக்கும். நீலம், சிவப்பு நிற்கும் இடத்தையும் நம் இடத்தையும் சேர்த்துக் கணக்கிடும். ஆரஞ்சு, தொலைவில் இருந்தால் துரத்தும். எட்டுக் கட்டத்திற்குள் வந்துவிட்டால் தன் மூலைக்கு ஓடும்.

ஓய்வு பெற்றுத் திண்ணையில் அமர்ந்திருந்த தந்தையாரிடம் தாளில் கட்டம் போட்டு இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நம்ம தோட்டத்து மண்டோருங்க மாதிரிதான். ஒருத்தன் பின்னாலேயே வருவான், ஒருத்தன் முன்னால போயி நிப்பான், ஒருத்தன் தூரத்துல சத்தம் போட்டுட்டுக் கிட்ட வந்தா ஓடிருவான்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த 2 வெள்ளியைப் பற்றி அன்றும் அவர் ஒரு சொல் சொல்லவில்லை. இன்று அவர் இல்லை.

இன்று பேக்மேன் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2012இல் அங்குச் சேர்க்கப்பட்டது. 1997இல் தொடங்கிய 'மேம்' என்னும் நிரலின் வழியாக மூலப் பெட்டியின் ஆட்டத்தையே எந்தக் கணினியிலும் இயக்கலாம். அப்படியானால் நசுங்கிய அந்த வீட்டுப் பதிப்பு இனி எதற்கு?

என் எண்ணம் இதுதான். எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல முடியாதபோது எதை விடக் கூடாது என்று ஒருவர் எடுத்த முடிவு, அந்த நசுங்கிய திரையில் பதிந்திருக்கிறது. அதுவும் வரலாறுதான். 20 காசு இல்லாத பிள்ளையை மஞ்சள் வாயன் தேடி வந்தது அந்த உருவத்தில்தான்.

தம்பி மகனிடம் கைப்பேசியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கட்டத் தாளைக் கொடுத்தேன். "இதுல எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள்ள ஒரு பேய் வரஞ்சு காட்டு" என்றேன். மூன்று முறை அழித்துவிட்டான். நான்காவது முறை கண் வைப்பதற்கு இடம் போதவில்லை. காலை விடுவதா, கண்ணை விடுவதா என்று இன்னும் யோசித்துக் கொண்டிருக்கிறான்.